திங்கட்கிழமை காலையில் வேலை கேட்டுப் போன கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோவை, கணபதியிலிருந்து:

2014ஆம் ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி அட்டையைக் கொடுத்தார்கள். அதன்பின் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் பயோடேட்டா அனுப்பினேன். வந்தவை இரண்டே பதில்கள். இரண்டும் கணினி தானாக அனுப்பியவை.

என் சித்தப்பா இருபது ஆண்டுகள் லேத்தில் இரும்பைக் கடையும் டர்னராக இருந்தவர். "பட்டறைக்காரன் எவன்டா மெயிலைத் திறந்து ஆள் தேடுறான்? திங்கட்கிழமை காலையில போய் நில்லு" என்றார். திங்கட்கிழமைக்கு என்ன சிறப்பு என்று கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு எளிமையானது. சிறு பட்டறைகளில் சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வந்துவிடும், ஞாயிறு விடுமுறை, திங்களன்று ஒருவராவது மட்டம் போட்டுவிடுவார். ஓட வேண்டிய மெஷின் சும்மா நிற்பதைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசரிடம் வேலை கேட்பதும், எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும் புதன்கிழமை மதியத்தில் கேட்பதும் ஒன்றல்ல.

முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் அத்திப்பாளையம் பிரிவு, சின்னவேடம்பட்டி என்று சைக்கிளில் சுற்றிப் பதினேழு பட்டறைகளில் ஏறி இறங்கினேன். எங்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "வேலை இருக்குங்களா?" எங்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. பிறகுதான், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலேயே வேலை கேட்கிறேன் என்பது உறைத்தது. பட்டறைக்கு வெளியே சாக்கில் கட்டி வைத்திருக்கும் கடைசல் கழிவைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். கருப்பாக, கையில் ஒட்டும் பொடியாக இருந்தால் வார்ப்பிரும்பு. எங்கள் ஊரில் அது பெரும்பாலும் மோட்டார் பம்ப் உதிரியாகத்தான் இருக்கும். சுருள் சுருளாக நீண்டு நீலம் பாய்ந்திருந்தால் எஃகு. மூன்றாவது வாரத்திலிருந்து சாக்கைப் பார்த்த பிறகே வாசலுக்குப் போனேன். "பம்புக்குக் காஸ்டிங் ஓட்டுறீங்களாங்க? பாலிடெக்னிக்கில் நானும் ஓட்டியிருக்கிறேன்" என்று தொடங்கியபோது, விரட்டுவதற்காகத் திரும்பியவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பேசினார்கள்.

நான்காவது திங்கட்கிழமை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பத்து மணி டீ இடைவேளைவரை கேட்டுக்கு எதிரிலேயே நின்றேன். வெளியே வந்த சூப்பர்வைசரிடம், பாலிடெக்னிக்கில் நானே கடைந்து மரை வெட்டிய துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் உள்ளே அழைத்துச் சென்று, புஷ் என்ற குழாய் போன்ற உதிரி ஒன்றையும், நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து வெளிவிட்டத்தை அளக்கச் சொன்னார். அவசரத்தில் நேராகப் புஷ்ஷின் மேல் வைத்துத் திருகிவிட்டேன். அவர் மைக்ரோமீட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தம்பி, மொதல்ல தொடைங்க, அப்புறம் ஜீரோ பாருங்க, அதுக்கப்புறம் அளக்கலாம்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. துடைத்து, பூஜ்யத்தைச் சரிபார்த்து, மறுபடி அளந்தபோது 24.98 மில்லிமீட்டர் வந்தது. "ஓகேயா, ரிஜெக்டா?" என்றார். டிராயிங்கில் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது, என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். அன்று மதியமே ஹெல்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். டிப்ளமோ படித்துவிட்டு ஹெல்பர் வேலையா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். எட்டு மாதத்தில் கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷின் கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

சென்னை, மேற்கு மாம்பலத்திலிருந்து:

சகோதரர் சொல்லும் திங்கட்கிழமைக் கணக்கு எங்கள் தொழிலில் தேதிக் கணக்காக இருக்கிறது. நான் பி.காம். முடித்துக் கணக்கராக இருந்தேன். 2016இல் குழந்தைக்காக வேலையை விட்டேன். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால், 2023இல் திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த வாட் கணக்கும் சேவை வரியும் பழங்கதை ஆகியிருந்தன. இடைவெளியைச் சொல்லி வருந்திப் பயனில்லை என்று, பக்கத்துத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறவினருக்கு மூன்று மாதம் சம்பளமில்லாமல் கணக்கு எழுதி, ரிட்டர்ன்களையும் நானே தயார் செய்து பழகினேன். சம்பளமில்லாத வேலை சரியா என்று என்னைக் கேட்டால், மூன்று மாதத்துக்கு மேல் சரியில்லை என்பேன்.

அந்த உற்சாகத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். போன நாள் 19ஆம் தேதி. மறுநாள் ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்னான 3பி படிவத்துக்குக் கடைசி நாள் என்பது மாதாமாதம் தாக்கல் செய்த எனக்கே நினைவில்லை. மேசைகளில் பில் கட்டுகள் மலையாகக் குவிந்திருக்க, ஒருவரும் தலை நிமிரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் பயோடேட்டாவை வாங்கி ஒரு கட்டின் மேல் வைத்தார், அதன் மேல் உடனே இன்னொரு கட்டு வந்து விழுந்தது. 22ஆம் தேதி மறுபடி போனேன். அன்று அதே ஆடிட்டர் அரை மணி நேரம் பேசினார். சப்ளையர் பில் கொடுத்திருக்கிறார், சப்ளையர்கள் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் 2பி-யில் அது வரவில்லை, உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, எடுக்கலாமா என்று கேட்டார். 2022 ஜனவரியிலிருந்து எடுக்க முடியாது, முதலில் சப்ளையர் தம் விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் அந்த பில்லைக் காட்ட வேண்டும் என்றேன். இதே சிக்கலுக்காக ஹார்டுவேர் கடைக்குப் பெயின்ட் கொடுத்தவரிடம் நான் நான்கு முறை போனில் சண்டை போட்டிருந்ததால், பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஈரோட்டிலிருந்து:

உற்சாகத்துக்கு விலை கொடுத்த கதையும் இங்கே இருக்கட்டும். தேடிப் போய் வேலை கேட்க வேண்டும் என்ற வேகத்தில் நான் முதலில் ஏறிய படி ஒரு கன்சல்டன்சி அலுவலகத்தின் படி. விமான நிலையத்தில் வேலை என்று சொல்லி, பதிவுக் கட்டணமாக 3,000 ரூபாய் வாங்கினார்கள், ரசீதும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. இப்போதும் நேரில் போய்த்தான் தேடுகிறேன், ஆனால் பணம் என்ற பேச்சு எடுத்தவுடன் எழுந்துவிடுகிறேன். கணபதி நண்பரிடம் ஒரு கேள்வி: வாட்ச்மேனைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறதே, என்ன செய்வது?

கணபதியிலிருந்து மீண்டும்:

வாட்ச்மேனிடம் வேலை கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. சூப்பர்வைசர் பெயர் என்ன, டீக்கு எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வெளியூர்க்காரர்களும் வடமாநிலத்துக்காரர்களும் பலர் உடனே திரும்புவதில்லை; தீபாவளி முடிந்து வரும் திங்கட்கிழமை எங்கள் பட்டறையிலேயே இரண்டு மெஷினாவது சும்மா நிற்கும். அன்று பத்து மணி டீக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்து நின்றுவிடுங்கள்.