19 பேர் கொண்ட குடும்பம்: தீம் பார்க் டிக்கெட் செலவை எப்படிக் குறைப்பது?

சென்னிமலைக்காரன் கேட்டது:

வணக்கம். அப்பா வழி, அம்மா வழி எல்லாம் சேர்ந்து 19 பேர் ஈரோட்டிலிருந்து ஒரு தீம் பார்க் போகலாம் என்று பேச்சு. 60 தாண்டியவர்கள் 4, கல்லூரியில் படிப்பவர்கள் 3, பள்ளிப் பிள்ளைகள் 5, கைக்குழந்தை ஒன்று, மீதி 6 பேர் எங்கள் வயசு. கொச்சி வொண்டர்லாவா, சென்னையில் புதிதாகத் திறந்த வொண்டர்லாவா என்று இன்னும் முடிவாகவில்லை. மே மாதம் போகலாம் என்கிறார்கள். செலவைப் பங்கு போடுகிறோம், அதனால் டிக்கெட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கூப்பன் கோடு ஏதாவது இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் ஒருவர் குரூப் டிக்கெட் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், நம்பலாமா?

காதர்பேட்டை அக்கா:

தம்பி, முதலில் அந்த வாட்ஸ்அப் ஆளை பிளாக் பண்ணுங்க. பாதி விலை டிக்கெட் தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் பணம் போட்டு வருவதில்லை. பார்க்கின் சொந்த வெப்சைட், இல்லையென்றால் அவர்கள் போன் நம்பர், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் டூர் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கும், அந்த தைரியத்தில் சொல்கிறேன். கூப்பன் தேடுவதில் மிச்சமாவது கொஞ்சம்தான். யார் உள்ளே போகிறார்கள், எந்தக் கிழமை போகிறீர்கள், இந்த இரண்டில்தான் பெரிய பணம் இருக்கிறது.

யார் உள்ளே என்பதை முதலில் பாருங்கள். ரயிலில் குழந்தைக்கு வயசைக் கேட்பார்கள், வொண்டர்லாவில் உயரத்தைப் பார்ப்பார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் போனால் ஆறாவது படித்தாலும் பெரியவர்தான். அதனால் புக் பண்ணுவதற்கு முன்னால் ஐந்து பிள்ளைகளையும் செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிலைப்படியோரம் நிறுத்துங்கள். தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலில் கோடு போட்டு, டெய்லர் டேப்பில் அளங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கொண்டை, உச்சிக்குடுமி எதுவும் வேண்டாம். 138, 139 என்று நிற்கிற பிள்ளையைப் பெரியவர் கணக்கில் சேர்த்துப் பணம் கட்டிவிட்டால், அப்புறம் திருப்பி வாங்க மல்லுக்கட்ட வேண்டும். இன்னொன்று, பல பெரிய ரைடுகளில் 140-க்குக் கீழே இருந்தால் ஏற்றவே மாட்டார்கள். குழந்தைகளிடம் அதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அழுகை வேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகள் மூவருக்கும் 20 சதவீதம் குறையும். ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், போனில் எடுத்த போட்டோவைக் காட்டி வாதாடாதீர்கள். 60 தாண்டியவர்களுக்கும் சுமார் கால்வாசி குறையும், ஆதார் போதும். ஆன்லைன் தள்ளுபடி, மாணவர் தள்ளுபடி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சேராது, எது அதிகமோ அதை எடுங்கள்.

பெரியவர் டிக்கெட்டை 100 என்று வையுங்கள். குழந்தைக்குச் சுமார் 80. தலையை எண்ணி 19 வாங்கினால் 1,900. கைக்குழந்தை இலவசம், நான்கு பிள்ளைகள் குழந்தை டிக்கெட்டில், ஒருவன் மட்டும் உயரம், கல்லூரிக்காரர்கள் 80 வீதம், மூத்தவர்கள் 75 வீதம் என்று போனால் 1,560. மூத்தவர்கள் நால்வரும் உள்ளே வரவில்லை என்றால் 1,260. மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு.

விளம்பர விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 18 சதவீதம். 2018-க்கு முன்னால் 28 இருந்தது, அதற்கு இது தேவலை.

பெருந்துறை பாலு:

அக்கா, மூத்தவர்களை விட்டுவிட்டுப் போகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அம்மிச்சியும் அப்பத்தாவும் பேரப்பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?

காதர்பேட்டை அக்கா:

பார்க்கட்டும் பாலு, யார் வேண்டாம் என்றது? அவர்களிடமே கேளுங்கள் என்கிறேன். நான் பார்த்தவரை பாட்டிமார் வேகாத வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பைகளைக் காவல் காப்பார்கள். அதற்கு ஆளுக்கு 75 கொடுப்பதைவிட, நான்கு பேருக்கு ஒரு லாக்கர் என்று எடுப்பது மலிவு. கொச்சி போனால் அவர்களுக்கு ஒரு வண்டி பிடித்துக் கொடுங்கள், சோட்டானிக்கரை பகவதியைப் பார்த்துவிட்டு வருவார்கள். நேரம் இருந்தால் காலடி. சென்னை என்றால் பார்க் இருக்கிற இள்ளலூர் பக்கத்திலேயே திருப்போரூர் கந்தசாமி கோயில். எங்கள் அத்தைக்கு ராட்டினத்தைவிட அதுதான் இஷ்டம்.

இப்போது கிழமைக்கு வருகிறேன். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் டிக்கெட் விலையே கூடுதல். கூட்டம் வேறு. ஒரு ரைடுக்கு வெகுநேரம் நின்று கால் கடுத்த பிறகு, வரிசையைத் தாண்டிப் போகிற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வாங்கலாமா என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். அதற்குத் தனிக் காசு. கூட்டமில்லாத வாரநாளில் அது தேவையே இல்லை.

மே மாதம் மட்டும் வேண்டாம். கேரளாவிலும் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, நம் ஊரிலும் விடுமுறை. நமக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளி என்கிற நாளைப் பிடியுங்கள். காலாண்டு விடுமுறையின் முதல் நாட்கள் கொச்சிக்குத் தோது. அங்கே ஓணம் விடுமுறை அதற்கு முன்பே முடிந்திருக்கும். சரஸ்வதி பூஜையை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சமயத்தில் பெங்களூரு வொண்டர்லா பக்கம் போகாதீர்கள், தசரா விடுமுறையில் கர்நாடகமே அங்கே நிற்கும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் வாரநாளில் வந்தால் அதுவும் கொச்சிக்கு நல்ல நாள். ஆனால் காணும் பொங்கலுக்குச் சென்னையை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்!

ஓஎம்ஆர் வாசி:

சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில்தான் திறந்தது. ஆரம்ப விலை 1,489 ரூபாய் என்றும், ஆன்லைனில் 10 சதவீதம், கல்லூரி அட்டைக்கு 20 சதவீதம் குறைவு என்றும் அப்போது அறிவித்தார்கள். நாளுக்கு நாள் மாறும், வெப்சைட்டில் தேதியைப் போட்டுப் பாருங்கள். ஈரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே தங்கும் செலவும் சேரும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்து லாட்ஜில் விடாதீர்கள். கொச்சி என்றால் இரவு ரயில் ஏறி விடிகாலை ஆலுவாவில் இறங்கலாம், அன்றிரவே திரும்பலாம்.

மேட்டுப்பாளையம் மணி:

பிள்ளைகள் எல்லாம் சின்னவர்கள் என்றால் எங்கள் ஊர் பிளாக் தண்டர் தண்ணீர் பார்க்கே போதும். காலையில் வேன் எடுத்தால் பொழுது சாய வீடு. பெரிய ரைடில் ஏறவே முடியாத பிள்ளைக்கு எதற்குப் பெரிய பார்க் டிக்கெட்?

சென்னிமலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அளந்தோம். என் அக்கா மகன் 141! இரண்டு தடவை அளக்கச் சொல்லி, பெரியவன் ஆகிவிட்டேன் என்று ஒரே ஆட்டம். காலாண்டு விடுமுறை, செவ்வாய்க்கிழமை, கொச்சி என்று பேசியிருக்கிறோம். சாப்பாட்டையும் சேர்த்து காம்போவாக எடுக்கலாமா?

காதர்பேட்டை அக்கா:

பெரியவர்களுக்கு மட்டும் எடுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடிவிட்டு நான்கு வாய்தான் சாப்பிடும், அவர்களுக்குத் தனியாக வாங்கிப் பகிர்ந்து கொடுப்பது மேல். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தைக்கு உண்டானது மட்டும் கொண்டுபோகலாம். காலை டிபனை வாசலுக்கு வெளியிலேயே வயிறு நிறைய முடித்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர் ரைடுக்கு நைலான், பாலியஸ்டர் துணி கட்டாயம். காட்டன் பனியனோடு போனால் உள்ளேயே வாங்க வைப்பார்கள், அதுவும் அங்கே சொல்கிற விலைக்கு. ஈரோட்டில் ஜவுளிச் சந்தையை வைத்துக்கொண்டு அங்கே போய் டிரவுசர் வாங்குவீர்களா? இப்போதே ஆளுக்கு ஒன்று எடுத்துவிடுங்கள். புக் பண்ணுவதற்கு முன் பார்க்குக்குப் போன் போட்டு, குரூப் ரேட்டுக்குக் குறைந்தது எத்தனை டிக்கெட் என்று கேளுங்கள். அதில் குழந்தை டிக்கெட்டும் கணக்கில் வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வரும் என்றால் என்ன விலை சொன்னார்கள் என்று இங்கே போடுங்கள், தனித்தனி டிக்கெட் எடுப்பதைவிடக் குறைகிறதா என்று பார்த்துவிடலாம்.