சிங்கப்பூர் வெள்ளி அனுப்புகிறோம், ஊரில் கணக்குக் கேட்பது யார்? – உங்கள் அனுபவம்

புதுக்கோட்டைக்காரன்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். கும்பாபிஷேகம் என்றால் ஒரே ராத்திரியில் காசு சேர்ந்துவிடும். போன வருஷம் கண்மாய் மடையைச் சரிசெய்யக் கேட்டார்கள், கொடுத்தோம். மடை புதிதாக நிற்கிறது. ஆனால் எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்பதெல்லாம் பழையபடி மேல்பக்கத்துக்காரர்கள் வைத்த சட்டம்தான். கடைமடையில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வருஷமும் கூலிக்குத்தான் போனார்கள். அவர்களுக்காக எழுந்து பேச ஒரு ஆள் கிடையாது.

ஏழைகளே முன்னால் நின்று ஊர் நிலைமையை மாற்றியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். தானதர்மக் கதை வேண்டாம்.

ஜூரோங் டீச்சர்

தம்பி, உங்கள் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறதே! என் பெரியம்மா புதுக்கோட்டைப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துப் பழகியதோடு பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். எழுத்தை விடச் சைக்கிள்தான் பெரிய கலகம் என்பார் பெரியம்மா. பஸ்ஸுக்கோ வீட்டு ஆம்பளைக்கோ காத்திருக்காமல் ஆபீசுக்குப் போகலாம், பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். தெருவில் கேலி பேசியவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதே காலத்தில் குவாரிகளைக் கான்ட்ராக்டர்களுக்குப் பதிலாகப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். கல் உடைத்தவர்களே குத்தகைக்காரர்கள். லாரிக்காரரிடம் விலை பேசுவது, எத்தனை லோடு போனது என்று எழுதுவது, கூலியைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் கையில். பெரியம்மாவுக்கு அன்றைக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரும் எண்களும் மட்டும். லோடு கணக்குக்கு அது போதும். "எண்ணத் தெரிஞ்சவளை ஏமாத்த முடியாதுல்ல" என்று இன்றைக்கும் சிரிப்பார். கலெக்டர் மாறியதும் வேகம் குறைந்துபோனது. ஆதரவு மேலிருந்து மட்டும் வந்தால் அவ்வளவுதான்.

துவாஸ் தம்பி

டீச்சர், கேட்க நல்லாருக்கு. எங்க ராம்நாட் பக்கம் கதை வேற. எங்கம்மா இருந்த மகளிர் குழுவுக்கு ரொம்ப வருஷமா ஒரே ஊக்குநர், அதான் குழுத் தலைவி. கூட்டமே நடக்காது. தீர்மான நோட்டை வீடு வீடாத் தூக்கிட்டு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போவாக. பேங்க் லோன் வந்தா முதல் பங்கு அவக சொந்தக்காரவுகளுக்கு. நான் இங்க வர ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டணும்னு அம்மா கேட்டப்ப "அடுத்த தடவை பாப்போம்"னுட்டாக. கந்துவட்டிக்குத்தான் வாங்குனோம். ஆரம்பத்துல என் ஓவர்டைம் காசெல்லாம் அந்த வட்டிக்கே போச்சு.

அப்புறம் பிஎஸ்சி முடிச்ச ஒரு பொண்ணு கல்யாணமாகி எங்க தெருவுக்கு வந்துச்சு. அது சண்டையே போடல. குழுக் கூட்டத்துல பாஸ்புக்கை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிச்சுச்சு, அம்புட்டுத்தான். மறு வருஷம் ஊக்குநரை மாத்திட்டாக. இப்ப வருஷா வருஷம் மாத்துறாக. அம்மாவும் ஒரு வருஷம் பிரதிநிதியா இருந்தாக. பேங்க் மேனேஜர் முன்னாடி நாற்காலில உக்காந்தேன்னு போன்ல சொன்னப்ப அவக குரலே வேற.

ஈசூன் பெரியவர்

வருஷா வருஷம் மாற்றுவது நல்ல ஏற்பாடு. சிலருக்குப் பிடிக்காது, "அனுபவசாலி போயிடுவாரே" என்பார்கள். அனுபவம் ஒருத்தரிடமே தங்கினால் மற்றவர்கள் எப்போது கற்பது?

ஊராட்சியிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தினார்கள். ஆனால் பல ஊர்களில் பலகையில் அம்மா பெயர், நாற்காலியில் ஐயா. குழுவில் பேசிப் பழகி வந்த பெண் தலைவரானால் ஐயாவால் அப்படி உட்கார முடிவதில்லை. எங்கள் ஊரில் இரண்டு மாதிரியையும் பார்த்துவிட்டேன்.

தெம்பனிஸ் அக்கா

நான் இங்கேயே பிறந்தவள், அம்மா மேலூர். புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை யாரும் சொல்லவில்லையே? எழுதப் படிக்கத் தெரியாதவர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை நடத்தியவர். 2001இல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ. எல்லாரும் அந்தப் போட்டோவைத்தான் பகிர்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிது: கூலியாட்களுக்குக் கொத்துத் தலைவியாக இருந்து நிலக்காரர்களிடம் கூலி பேசியவர் அவர்.

இங்கே லிஃப்ட் நின்றால் நகர மன்றத்துக்கு ஒரு போன் போதும். வட்டாரத் தொண்டூழியர்களான அடித்தளத் தலைவர்களும் வந்து விசாரிப்பார்கள். அந்த வசதிக்குப் பழகிவிட்டு, "ஊர்க்காரர்கள் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்" என்று நாம் சொல்வது சுலபம். அங்கே கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் கூட்டமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் பெரியம்மா கதையை ஊர்க் குழுவில் போட்டேன். கூடவே, இனி கண்மாய்க்கோ ரோட்டுக்கோ காசு என்றால் கிராம சபையில் தீர்மானம் வேண்டும், செலவுக் கணக்கை அங்கேயே வாசிக்க வேண்டும் என்றும் எழுதினேன். "கோயில் காசுக்குமா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்றதும் ரெண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஆனால் கடைமடைப் பக்கத்துப் பையன் ஒருவன், இங்கே செங்காங் கட்டுமான சைட்டில் இருக்கிறான், தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ஜனவரி 26 கிராம சபைக்கு எங்கம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காக்களையும் போகச் சொல்றேன். மடையைப் பத்தி எப்படிக் கேக்கணும்னு எழுதித் தருவீங்களா?" என்றான். மனு எழுதிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் கை கொடுங்கள்.