வீட்டுக்கு மேல் ஒரு வட்டம்: திறமை கூடினால் ஆபத்து குறையுமா?

அரியக்குடி_கிழக்கு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கியாச்சு. பறந்த மணிக்கணக்கு இன்னும் மூன்று இலக்கத்தைத் தொடவில்லை. வைகாசியில் மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். திருச்சியிலிருந்து, ஃப்ளையிங் கிளப்பின் செஸ்னா 172 எஸ் விமானத்தில் பெரியவர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு காரைக்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி, முடிந்தால் தொண்டிக் கடற்கரை வரை போய்த் திரும்பலாம் என்று எண்ணம். வழியில் எங்கும் இறங்கப் போவதில்லை. எல்லாரும் ஆசைப்படுவது ஒன்றுதான்: நம்ம வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் அடிக்கணும்.

கிளப்பில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கை பழகிவிட்டால் இதெல்லாம் பெரிய காரியமில்லை, பயந்தால் பறக்கவே முடியாது என்பது ஒரு கட்சி. எதற்கும் ஒரு வரம்பு போட்டுக்கொள் என்பது இன்னொரு கட்சி. ஆனால் வரம்பு என்ன என்று யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. திறமை வளர வளர ஆபத்து உண்மையிலேயே குறையுமா? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

---

கீழக்காற்று பதில்:

தம்பி, திறமை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் வந்த திறமையை உடனே செலவு செய்துவிட்டால் குறையாது. ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றில் இறக்கக் கற்றவன் அதுவரை போகாத காற்றில் போவான். சின்ன ஓடுபாதையில் இறக்கக் கற்றவன் அதைவிடச் சின்னதைத் தேடுவான். கை தேறியிருக்கும், மிச்சமாகக் கையில் இருக்கவேண்டிய இடைவெளி மட்டும் பழைய அளவிலேயே நிற்கும்.

தன் திறமையைத் தானே அளப்பதும் நம்பத்தக்கதல்ல. 1981இல் ஸ்வென்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் கார் ஓட்டுவது பற்றி மாணவர்களைக் கேட்டபோது, அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்களைத் திறமையில் மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். விமானத்தில் ஏறியவுடன் இந்தக் குணம் போய்விடும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

அதனால் வரம்பை முந்தின இரவே தாளில் எண்ணாக எழுது. குறுக்குக் காற்று எத்தனை நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), பார்வைத் தூரம் எத்தனை கிலோமீட்டர், மேகத்தின் அடிமட்டம் எத்தனை அடி உயரம், தரை தொடும்போது தொட்டியில் எத்தனை லிட்டர், கடைசியாக எத்தனை மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். 172 எஸ் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு 15 நாட் என்று இருக்கும். அது சோதனை பைலட் செய்து காட்டிய அளவு. உனக்கு இப்போது 8 போதும். அதைப் 10 ஆக்க ஆசை என்றால் இன்ஸ்ட்ரக்டரோடு போய், அந்தக் காற்றில் இறக்கிக் காட்டி, வீட்டுக்கு வந்து தாளில் மாற்று. பறக்கும் நாளில் எந்த எண்ணையும் தளர்த்தக் கூடாது. ஏற்றிப் போகிறவர்கள் முற்றத்தில் உடுத்திக்கொண்டு காத்திருக்கும்போது எடுக்கிற முடிவு காற்றைப் பார்த்து எடுத்ததாக இருக்காது.

இன்னொன்றும் எழுதிக்கொள். இரண்டு விஷயம் வரம்பின் விளிம்பில் இருந்தால் அன்றைக்குப் பறப்பதில்லை. காற்று 7 நாட், தூக்கம் நாலு மணி நேரம் என்றால், தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டும் சமாளிக்கக்கூடியதாகத்தான் தெரியும். சேர்ந்து வரும்போது சமாளிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

வருகிறவர்களிடம் இப்போதே சொல்லிவிடு: காலையில் காற்றைப் பார்த்துத்தான் உறுதி, இல்லையென்றால் காரில் பிள்ளையார்பட்டி. திருச்சியிலிருந்து காரைக்குடி சாலையில் இரண்டு மணி நேரம். இந்தப் பயணத்தில் அவசரம் என்று எதுவும் கிடையாது. முந்தின நாள் விருந்தில் யாராவது கோப்பையை நீட்டினால், நம் நாட்டு விதிப்படி பறப்பதற்கு முன் 12 மணி நேரம் மது கூடாது என்பதையும் நினைவில் வை.

---

வள்ளி_வலசை பதில்:

வட்டம் அடிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் அதுதான்.

90 நாட் வேகம், 30 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் ஆரம் சுமார் 380 மீட்டர், ஒரு சுற்று முடிய 50 விநாடி. வைகாசிக் கடைசியில் மேல்காற்று கிளம்பிவிடும். 2,000 அடியில் 20 நாட் இருந்தால் அந்த 50 விநாடிக்குள் விமானம் அரை கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்திருக்கும். வீடு இறக்கைக்கு அடியிலிருந்து நழுவுகிறது. பின்னால் இருப்பவர் “எங்கே, காணோமே” என்கிறார். கை தானாகச் சாய்வைக் கூட்டும், கண் வீட்டை விடாது, மூக்கு மேலே போகும், வேகம் குறையும்.

172 எஸ் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) இல்லாமல் நேராகப் பறந்தால் 48 நாட்டில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்வில் திரும்பினால் அது 52. 45 டிகிரியில் 57. 60 டிகிரியில் 68. இவை முழு எடைக்கு. மெதுவாகக் காட்டலாம் என்று 70 நாட்டுக்கு வந்தவனுக்கு 60 டிகிரி சாய்வில் மிச்சம் இரண்டே நாட்தான். செம்மண் தரையிலிருந்து வெப்பம் உதைக்கும்போது ஒரே குலுக்கலில் அது போய்விடும்.

தாழ்வாகப் பறந்தால் காற்று கண்ணையும் ஏமாற்றும். பின்காற்றுப் பக்கம் தரை வேகமாக ஓடுவதால் விமானமே வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, குறைக்கத் தோன்றும். உள்பக்கமாகச் சறுக்குகிற மாதிரி தெரிவதால் கால் ரட்டரை (வாலில் உள்ள திசைமாற்றியை) அழுத்தும். ரட்டர் அதிகமாக மிதிபட்டு ஸ்டால் ஆனால் உள்பக்க இறக்கை முதலில் விழும், அது ஸ்பின்னாக, சுழன்றுகொண்டே விழுவதாக, மாறும். 500 அடியில் ஸ்பின் ஆனால் மீள இடம் கிடையாது. இறங்க வரும்போது பேஸ் என்ற குறுக்குப் பாதையிலிருந்து ஃபைனல் என்ற கடைசி நேர்ப்பாதைக்குத் திரும்பும்போது நடக்கிற விபத்தும் இதே கதைதான்.

நான் சொல்லித்தருவது இப்படி: வட்டமே வேண்டாம். 172க்கு இறக்கை மேலே இருக்கிறது. நேராகப் போகும்போது பக்கக் கண்ணாடியில் கீழே நன்றாகத் தெரியும். திரும்பினால்தான் தாழ்ந்த இறக்கை பார்வையை மறைக்கும். எனவே தரையிலிருந்து 1,500 அடிக்குக் குறையாமல், 90 நாட்டில், வீட்டை வலப்பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளி வைத்து நேராகக் கடந்துவிடுங்கள். இரண்டு கிலோமீட்டர் தாண்டி, வீட்டைப் பார்க்காமல், கருவியைப் பார்த்து 30 டிகிரிக்கு மிகாமல் திரும்புங்கள். பிறகு வீட்டை இடப்பக்கம் வைத்து வாருங்கள். இரண்டு வரிசையும் படம் எடுத்துக்கொள்ளலாம். கானாடுகாத்தான் வீடுகள் தெருவுக்குத் தெரு நீளமாகப் போவதால் நேர்க்கோட்டில் கடப்பதுதான் பார்க்கவும் அழகு.

விதிப்படி ஊருக்கு மேல் 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள உயரமான பொருளிலிருந்து 1,000 அடி வேண்டும், மற்ற இடத்தில் தரையிலிருந்து 500 அடி. ஊர் ஓரத்தில் 500இல் போகலாம் என்று அதை வளைக்க வேண்டாம். மயில் உட்பட பெரிய பறவைகளும் செல்போன் கோபுரங்களும் அந்தப் பக்கம் ஏராளம்.

---

செம்புறை_172 பதில்:

எடைக் கணக்கைப் போட்டீர்களா? அனுமதிக்கப்பட்ட முழு எடை 1,157 கிலோ. காலி எடை பொதுவாக 760க்குப் பக்கம், உங்கள் விமானத்தின் சரியான எண்ணை அதன் எடைத்தாளில் பாருங்கள். பயன்படும் பெட்ரோல் முழுதாக 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 என்றால் 144 கிலோ. ஆளுக்கும் சாமானுக்கும் மிச்சம் 250 கிலோதான். 75 கிலோவில் நாலு பேர் 300. பெட்ரோலில் 70 லிட்டர் குறைத்தால்தான் கணக்கு நேராகும். 130 லிட்டர் இந்தச் சுற்றுக்குத் தாராளம். ஆட்களை ‘சுமார் அறுபது இருப்பார்’ என்று கணக்குப் போடாமல் தராசில் ஏற்றுங்கள். பலகார டின் கீழேயே இருக்கட்டும்.

வெயிலையும் பாருங்கள். முழு எடை, கடல் மட்டம், காற்றில்லை என்றால் 50 அடி உயரம் தாண்ட 0 டிகிரியில் 1,465 அடி தூரம், 40 டிகிரியில் 1,945. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதுவும் புது எஞ்சினும் சோதனை பைலட்டும் சேர்ந்து எடுத்த எண். அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். காரைக்குடி மட்டத்தில் 40 டிகிரி என்றால் விமானத்துக்கு அது 3,300 அடி உயரத்தில் நிற்கிற மாதிரிதான். பெரிய ஓடுபாதையில் தூரம் பிரச்சினை இல்லை, ஏறுகிற வேகம் சோர்ந்துவிடும்.

காலை 6:30க்குக் கிளம்பி 9 மணிக்குள் திரும்புங்கள். வைகாசியில் பிற்பகல் இடிமேகம் கட்டும், அதன் முன்னால் ஓடிவரும் புயல்காற்று மழைக்கு வெகுதூரம் முன்பே வந்துவிடும். தைக்குத் தள்ளினால் வெயில் தணியும். அப்போது காலை மூடுபனியும், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் வலசைப் பறவைகளும் இருக்கும். திருப்பத்தூர், கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம் தாழப் போகாதீர்கள்.

---

தொண்டிக்கரை பதில்:

கடலைப் பற்றி மட்டும். பாக் நீரிணையில் அலை குறைவு. வெயில் ஏறியதும் புகைமூட்டம் போல ஒரு வெள்ளை நிற்கும், தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிடும். தொடுவானம் போனால் உள்காது சொல்வதை நம்பத் தொடங்குவீர்கள், அது தப்பாகத்தான் சொல்லும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் போன நிலையில் வைத்துச் சோதித்தார்கள். சராசரியாக 178 விநாடியில் எல்லாரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 1999 ஜூலையில் ஜான் கென்னடி இளையவரின் விமானம் கடலில் விழுந்ததும் இரவு மூட்டத்தில் திசை உணர்வு தவறியதால்தான் என்று விசாரணை முடிவு சொன்னது. அவரிடமும் கருவிப் பறப்புத் தகுதி இல்லை.

கரைக்கோட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நிலத்தின் மேலேயே போங்கள். எஞ்சின் நின்றால் 172 ஆயிரம் அடிக்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கும், எதிர்காற்றில் அதுவும் குறையும். தெற்கே உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம், வடக்கே தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். பறப்புத் திட்டத்தில் பாதையை எழுதி, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம்) சொன்ன எல்லைக்குள் நில்லுங்கள்.

---

பழைய_பயிற்றுநர் பதில்:

எல்லாரும் வரம்பு வரம்பு என்கிறீர்கள், எனக்கு அதில் பாதி சம்மதம். 8 நாட் என்று எழுதி வைத்துவிட்டு வருஷம் முழுக்க 3 நாட்டிலேயே பறந்தால், கிளம்பும்போது 3 ஆக இருந்த காற்று திரும்பும்போது 12 ஆகிவிட்ட அன்று தாள் உதவாது, கைதான் உதவும். தைரியம் உள்ளவனைவிட, துருப்பிடித்துப்போன ஜாக்கிரதைக்காரனைப் பார்த்து நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஆகவே இந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு மணி நேரம் போடு. 3,000 அடியில் மெதுவாகப் பறப்பது, ஃப்ளாப்போடும் இல்லாமலும் ஸ்டால், மூன்று கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே ஏறிச் சுற்றி வருவது), எஞ்சினை ஐடிலில் (மிகக் குறைந்த ஓட்டத்தில்) வைத்து ஒரு இறக்கம். நாலு பேர் எடையில் ஒரு முறையாவது செய். தனியாகப் பறந்து பழகியவனுக்கு முழு எடையில் மூக்கு எழுவதும் ஃப்ளேரும் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவதும்) வேறு மாதிரி இருக்கும். ஃபைனலில் 300 அடி வரும்போது வேகம், கோடு, இறங்கும் வீதம் மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கோ-அரவுண்ட். வேகம் பத்து சதவீதம் கூடினால் நிற்கும் தூரம் இருபது சதவீதம் கூடும். ‘ஆள் இருக்கிறார்களே, ஒரே தடவையில் இறக்கிக் காட்டணும்’ என்ற எண்ணம் வருவது நிச்சயம். அதனால் ஏறும்போதே அவர்களிடம் சொல்: ஒரு முறை மேலே போய்ச் சுற்றி வரலாம், அது வழக்கம்தான்.

---

அரியக்குடி_கிழக்கு:

வள்ளி ஆச்சிக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. வட்டத்தை விட்டுவிடுகிறேன், இரண்டு நேர்க்கோடுதான். கடற்கரையும் இந்த முறை வேண்டாம். ஒரு சந்தேகம்: காரைக்குடிப் பக்கம் எஞ்சின் நின்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? மேலிருந்து பார்த்தால் கண்மாய்தான் விரிந்து கிடக்கிறது. செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளமும் இருக்கிறதே?

---

செம்புறை_172:

ஓடுதளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஆபத்தில் அதுவும் ஒரு நிலம், அவ்வளவுதான். புழக்கத்தில் இல்லாத இடம், மாடு, புதர், பெயர்ந்த தளம் எல்லாம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

கண்மாயை முதலில் எடுக்காதீர்கள். பசும்புல் மாதிரி தெரிவது பெரும்பாலும் சீமைக்கருவேலம், நடுவில் மேலே காய்ந்த தோலும் அடியில் சேறும் இருக்கும். மூக்குச் சக்கரம் புதைந்தால் விமானம் கவிழும். அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்லது, வரப்புக்குக் குறுக்கே போகாமல் அதன் நீளவாக்கில் இறங்குங்கள். காற்று கொஞ்சம் பக்கவாட்டில் வந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் நிற்கும் வயல் கூடாது. தைலமரத் தோப்புக்கு நடுவே செல்கிற பாதை ஓடுபாதை மாதிரி தெரியும், இறக்கைக்கு அகலம் போதாது. மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். ஓடுபாதையை விட்டு எழுந்தவுடன் நின்றால் 1,000 அடிக்குக் கீழே திரும்பாதீர்கள், முன்னால் இடமும் வலமும் 30 டிகிரிக்குள் கிடைத்ததில் இறக்குங்கள். அதை ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இறங்குமுன் வேலைகள்: 68 நாட் சறுக்கல் வேகம், பெட்ரோல் வால்வு மூடல், மிக்ஸ்சர் (எரிபொருள் கலவைக் குமிழ்) முழுதும் வெளியே, மேக்னெட்டோ (எஞ்சின் பற்றவைப்பு) ஆஃப், எல்லார் பெல்ட்டும் இறுக்கம், தரைக்கு முன் கதவுத் தாழ் திறப்பு. மாஸ்டர் சுவிட்சை மட்டும் முன்னதாக அணைத்துவிடாதீர்கள். 172இல் ஃப்ளாப் மின்சாரத்தில் இறங்குகிறது. கடைசி ஃப்ளாப் இறங்கிய பிறகே அதை அணைக்க வேண்டும்.