முழு சார்ஜில் ரீஜென் பிடித்தால் கோ-கார்ட் அணைந்துவிடுகிறது: உதவி தேவை

காரைக்குடி மாணவன்:
வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து எலெக்ட்ரிக் கோ-கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) ஒன்று கட்டியிருக்கிறோம். 48 வோல்ட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார், பின் அச்சுக்குச் செயின். பேட்டரியில் 18650 லித்தியம் அயான் செல்கள், 13 தொடர், 10 இணை, மொத்தம் 25 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர்). ஓட்டுபவரோடு எடை 150 கிலோ.

பிரேக் மிதிக்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றிச் சக்தியைப் பேட்டரிக்கே திருப்புகிறோம், இதுதான் ரீஜென். முழுசாக சார்ஜ் ஏற்றி இறக்கினால், முதல் சில சுற்றுகளில் 60 கி.மீ. வேகத்தில் பிரேக் தொட்டதுமே வண்டி அணைந்துவிடுகிறது. கன்ட்ரோலரில் ஓவர்வோல்டேஜ் எரர். சாவியைத் திருப்பிப் போட்டால் ஓடும். பேட்டரி பாதி இறங்கிய பிறகு தொல்லையே இல்லை. விற்ற கடையில் ரீஜெனை அணைத்துவிடச் சொல்கிறார்கள். ஃபார்முலா ஒன் கார் செய்வதை நம் கையால் செய்து பார்க்கத்தான் இதை ஆரம்பித்தோம், அணைக்க மனமில்லை.

தேவகோட்டை ஈ-ஆட்டோ:
தம்பி, முழு சார்ஜில் மட்டும் என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். 13 செல் நிரம்பினால் 54.6 வோல்ட். அதற்கு மேல் கரன்ட்டைத் தள்ளினால், உள்தடையால் வோல்டேஜ் இன்னும் ஏறும். செல் ஒன்று 4.25 வோல்ட் பக்கம் போனதும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) சார்ஜ் வழியை வெட்டிவிடும். மோட்டாரோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரன்ட் போக இடமில்லாமல் கன்ட்ரோலரின் கெபாசிட்டரில் வோல்டேஜ் எகிறும். அதுதான் உங்கள் எரர். ரீஜென் லிமிட் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

காரைக்குடி மாணவன்:
80 ஆம்பியர், அண்ணே.

பள்ளத்தூர் பேட்டரி:
80 ரொம்ப அதிகம். பத்து இணை என்றால் ஒரு செல்லுக்கு 8 ஆம்பியர். 2.5 ஏ.ஹெச். செல்லுக்கு இது 3சி-க்கும் மேல், அதாவது கொள்ளளவைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான கரன்ட். இறக்கும்போது 20 ஆம்பியர் தரும் செல்கூட, ஏற்றும்போது அவ்வளவு வாங்காது. பாதி சார்ஜில் எரர் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வேகமாக ஏற்றினால் லித்தியம், செல்லின் மைனஸ் பக்கமுள்ள கிராஃபைட்டுக்குள் போக நேரமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு குறையும், நாளடைவில் உள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. எனக்கு எரரைவிட இதுதான் கவலை.

டேட்டாஷீட்டில் அதிகபட்ச சார்ஜ் கரன்ட்டைப் பார்த்து லிமிட் வையுங்கள். அதுவரை 20 ஆம்பியர் போதும். சார்ஜையும் 52.6 வோல்ட்டோடு நிறுத்துங்கள், செல்லுக்கு 4.05 வரும். செக்ரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். உங்கள் பேராசிரியர் மூலம் அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கோனாபட்டு ரேஸ்:
தம்பி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். 150 கிலோ, 60 கி.மீ. வேகம் என்றால் இயக்க ஆற்றல் சுமார் 21 கிலோ ஜூல், 6 வாட் அவர்கூட இல்லை. ஆனால் 3 வினாடியில் நின்றால் சராசரி 7 கிலோவாட். ஆற்றல் கொஞ்சம், அது வந்து சேரும் வேகம் அதிகம். 20 ஆம்பியரில் நீங்கள் வாங்குவது ஒரு கிலோவாட் சொச்சம்தான்.

ரேஸிலும் இதே பாடுதான். 2009-ல் ஃபார்முலா ஒன்னில் வந்த கெர்ஸ் (பிரேக் ஆற்றலை மீட்கும் அமைப்பு) 60 கிலோவாட், சுற்றுக்கு 400 கிலோ ஜூல்தான். 2014-ல் 120 கிலோவாட் ஆனபோது மோட்டாரின் இழுப்பும் டிஸ்க்கின் பிடியும் ஒத்துப்போக, பின் பிரேக்கை மின்னணுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் கார்ட்டிலும் பின் அச்சு மட்டும்தான் பிடிக்கிறது. செம்மண் தூசி படிந்த தரையில் ரீஜெனைக் கூட்டினால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும், பார்த்துச் செய்யுங்கள்.

லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் டொயோட்டா சூப்பர் கெபாசிட்டர் வைத்து ஓட்டியது, போர்ஷே லித்தியம் பேட்டரி. கெபாசிட்டர் சட்டென்று வாங்கிச் சட்டென்று தரும், அதனால்தான். 2016-ல் டொயோட்டாவும் பேட்டரிக்கு மாறிவிட்டது.

காரைக்குடி மாணவன்:
20 ஆம்பியர், 52.6 வோல்ட் வைத்து ஓட்டினோம். எரர் வரவில்லை. டிஸ்க் பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மூவருக்கும் நன்றி. அப்புறம், பிரேக் சக்தியைப் பிடித்துவைக்க 2.7 வோல்ட் 350 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் 20 தொடராக வைத்தால் போதுமா?

கோனாபட்டு ரேஸ்:
போதும். முழுசாக 25 கிலோ ஜூல் பிடிக்கும், வோல்டேஜ் பாதிக்கு இறங்கும்வரை எடுத்தால் 19 கிடைக்கும். ஆனால் நேரே பேட்டரியோடு இணைக்காதீர்கள், நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் டி.சி. கன்வர்ட்டர் வேண்டும். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும், வோல்டேஜைச் சமமாக வைக்கும் பேலன்ஸ் சர்க்யூட்டும் வேண்டும்.

தேவகோட்டை ஈ-ஆட்டோ:
கெபாசிட்டரில் கை வைக்கும் முன்னால் ரெசிஸ்டர் போட்டுச் சார்ஜை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வண்டி அணைந்திருந்தாலும் அதில் சார்ஜ் இருக்கும்.