ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க, வழுக்காத பிடிதுணி

கேள்வி (காரைக்குடி): பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டோட, அலமாரியில விரிக்கிற ரப்பர் வலையைச் சேர்த்துத் தைக்கிறேன். மெஷின் பாதத்துல ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

பதில்: வலைப்பக்கம் டிஷ்யூ பேப்பர் வெச்சுத் தைங்க ஆச்சி, முடிஞ்சதும் கிழிச்சா வந்துடும். 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைச்சா ஓட்டை வரிசையா விழுந்து அந்தக் கோட்டுலயே வலை பிய்யும். குண்டூசியும் வேண்டாம், கிளிப் போடுங்க.

பதில்: வலை 15 செ.மீ. சதுரம், துணி 19. ஓரத்தை 1 செ.மீ. வீதம் ரெண்டு மடிப்பா வலைமேல கொண்டுவந்து தைங்க. கண்டாங்கியை முதல்லயே அலசிக் காயவைக்கணும். பிறகு சுருங்கினா வலை அலையலையா நிக்கும்.

பதில்: இஸ்திரிப் பெட்டி வலையில படவே கூடாது, உருகிடும். சுடுசட்டி பிடிக்கவும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினா பிடிமானம் போயிடும். சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல உலர்த்துங்க.