கரிபா அணையில் மிருகங்களைப் படகில் ஏற்றினார்களாமே, நிஜமா?

மசினகுடி ஜீப்:
மசினகுடியில ஜீப் ஓட்டுறேன். போன வாரம் வந்த ஒருத்தர் மரவகண்டி அணையைப் பாத்துட்டு, "ஆப்பிரிக்காவுல கரிபான்னு ஒரு அணை. அது நிரம்பறப்ப ஆறாயிரம் மிருகத்தைப் புடிச்சுக் கரை சேத்தாங்க"ன்னார். நம்பலாமா?
இன்னொண்ணு. மாசி, பங்குனியில காடே காஞ்சு கெடக்கும். மரவகண்டியில தண்ணி எறங்கின ஓரத்துல மட்டும் பச்சை தெரியும், காட்டெருமை எல்லாம் அங்கதான் நிக்கும். அங்கயும் அப்படியா? அப்போ அணை கட்டினா மிருகம் கூடுமா, குறையுமா?

குன்னூர் குளிர்:
வாட்ஸப் கதை ப்ரோ. யானையை எந்தப் படகுல ஏத்துவாங்க?

கோத்தகிரி வாத்தியார்:
கதை இல்லை தம்பி. 1979 முதல் ஐந்து வருஷம் ஜாம்பியாவில், சோமா என்ற ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். லீவு விட்டால் சினசோங்வே போய்விடுவேன், அந்த ஏரிக்கரை ஊர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற மாதிரிதான், இறங்க இறங்க வெக்கை முகத்தில் அடிக்கும்.

ஜாம்பேசி ஆற்றில் 128 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வடகரை ஜாம்பியா, தென்கரை ஜிம்பாப்வே, நாட்டு எல்லை தண்ணீருக்கு நடுவே ஓடுகிறது. 1958 டிசம்பரில் தேக்க ஆரம்பித்து, நிரம்ப 1963 ஆயிற்று. ஏரி சுமார் 280 கிலோமீட்டர் நீளம். தண்ணீர் ஏற ஏற மேடெல்லாம் தீவாகி, ஒதுங்கிய மிருகங்கள் மாட்டிக்கொண்டன. ரூப்பர்ட் ஃபாதர்கில் என்ற வனத்துறைக்காரரும் ஆட்களும் ஆறாயிரத்துக்கு மேல் மீட்டார்கள். ஆபரேஷன் நோவா என்று பெயர். முரட்டுக் கயிறு காலை அறுக்கிறதென்று, பெண்கள் போடும் பழைய நைலான் காலுறைகளை ஊரெல்லாம் கேட்டு வாங்கி, பின்னிக் கட்டினார்களாம். குன்னூர்க்காரரே, யானை நன்றாக நீந்தும். அதற்குப் படகு எதற்கு?

புல் விஷயத்தில் தம்பி கண் சரியான கண். 1982 அக்டோபரில் அக்கரைக்குப் போனேன், மட்டுசடோனா தேசியப் பூங்கா. உள்ளே காடு சருகு. ஏரியோரம் மட்டும் பச்சைக் கம்பளம், அதில் கறுப்புக் கறுப்பாக எருமைக் கூட்டம். தண்ணீருக்குள் பட்ட மரங்கள், கொம்புக்குக் கொம்பு நீர்க்காகம். அந்தப் புல் முழுகினாலும் சாகாது, தண்ணீர் இறங்கினதும் தளிர்க்கும். வெளியே தீனி இல்லாத மாதங்களில் இது கிடைப்பதால் அங்கே எருமை பெருகியது. ஆனால் தண்ணீர் இறங்காத வருஷம் புல்லும் வெளியே வராது, எருமை பாடு திண்டாட்டம். கூடுமா குறையுமா என்றால், எந்த மிருகம், எந்த வருஷம் என்று கேட்பேன்.

ஏரியில் கப்பென்டா என்றொரு பொடி மீன், நம் நெத்திலி மாதிரி. டாங்கனிக்கா ஏரியிலிருந்து 1967, 68-இல் கொண்டுவந்து விட்டது. ராத்திரி விளக்கு போட்டுப் பிடிப்பார்கள். காயவைத்ததை வாங்கி வந்து கருவாட்டுக் குழம்பு வைப்பேன். புளிக்குப் பஞ்சமில்லை, அந்தப் பள்ளத்தாக்கில் புளியமரம் தானாக வளர்கிறது.

எமரால்டு:
எங்கப்பா குந்தா மின் திட்டத்துல வேலை பாத்தவர் சார். அங்க ஆளுங்க குடியிருந்தாங்களா? அவங்களை எதுல ஏத்தினாங்க?

கோத்தகிரி வாத்தியார்:
லாரியில். சுமார் 57,000 டோங்கா மக்கள். வருஷம் இரண்டு போகம் விளைந்த ஆற்றங்கரை வயலை விட்டுப் போகமாட்டோம் என்று ஓர் ஊரார் நின்றார்கள். 1958 செப்டம்பரில் போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். அப்புறம்தான் அந்த ஊரில் மற்றவர்கள் ஏறினார்கள்.

என் மாணவன் ஒருவனின் பாட்டி சினசோங்வேயில் இருந்தாள். அவளிடம் போய், அந்தக் காலுறைக் கதையை நான் ரசித்துச் சொன்னேன், பையன் அதை டோங்கா மொழியில் சொன்னான். கேட்டுவிட்டு, தாடையால் ஏரியைக் காட்டினாள். "அந்தப் படகு நிற்குதே, அதுக்குக் கீழேதான் எங்க வீட்டுப் புளியமரம்." பிறகு எனக்கு அந்தக் கதையை அங்கே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

மசினகுடி ஜீப்:
நன்றி சார். அந்தப் புல் இங்கயும் இருக்குமா?

கோத்தகிரி வாத்தியார்:
நம் வாய்க்கால் ஓரங்களிலும் உண்டு. பிடுங்கினால் அடியில் இஞ்சி மாதிரிக் கணுக்கணுவாக வரும்.

மசினகுடி ஜீப்:
நாளைக்கு மரவகண்டியில எறங்கிப் புடுங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்.

கோத்தகிரி வாத்தியார்:
காட்டெருமை நிற்கிற இடம் என்று நீதானே சொன்னாய்? வண்டியை விட்டு இறங்காதே தம்பி. ஊருக்குள் வாய்க்காலில் பார்.