சில்வர் சுவிட்ச் போட்டதுலேர்ந்து விரல் பட்டாலே கீ அடிக்குது, டி கீ மட்டும் பதிய மாட்டேங்குது

ராத்திரி_ஆட்டம்:
வணக்கம் மக்களே. மூணு வருஷமா, ஒவ்வொரு கீக்கும் அடியில க்ளிக் சத்தம் போடுற ப்ளூ சுவிட்ச் இருக்கிற கீபோர்டுலதான் வேலரண்ட்ங்கற துப்பாக்கி கேம் ஆடினேன். பதினோரு மணிக்கு மேல ஆடினா பக்கத்து ரூம்லேர்ந்து அம்மா, "இங்க என்ன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டா நடத்துற?"ம்பாங்க. சரி, க்ளிக் சத்தமே இல்லாம வழுக்கிட்டு இறங்குற லீனியர் சுவிட்சுக்குப் போயிடலாம்னு 90 சுவிட்ச் பாக்கெட் ஒண்ணு வாங்கினேன். ஸ்பீடு சில்வர், 1.2 மி.மீ. அழுத்தினாலே பதியும், கேமிங்குக்கு இதை மிஞ்ச ஆளில்லைன்னு பார்த்த வீடியோல எல்லாம் சொன்னாங்க. போர்டு ஹாட்ஸ்வாப், அதாவது சால்டர் பண்ணாமலே சுவிட்சைக் கழட்டி மாட்டலாம், அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே உட்கார்ந்து மாத்திட்டேன்.

இப்போ ரெண்டு தொல்லை. டி கீ நாலு தடவை அடிச்சா ஒரு தடவைதான் பதியுது. அது தனி. இன்னொண்ணு, வேலரண்ட்ல ஜெட்ங்கற கேரக்டரை வெச்சு ஆடுறப்போ டபிள்யூ மேல இருக்கிற நடுவிரல் லேசா நகர்ந்தாலே ஈ அடிச்சு, சட்டுனு பாயுற டாஷ் வீணாப்போகுது. நேத்து ஜி பட்டு, கையில இருந்த துப்பாக்கியையே கீழ போட்டுட்டேன். டீம்ல சிரிச்சு முடிக்கவே ஒரு ரவுண்டு ஆச்சு.

லீனியர்லயே ரெட், யெல்லோ, பிளாக்னு இருக்கே, எதுக்கு மாறலாம்?

சால்டர்_வாசனை:
முதல்ல டி-யைப் பாருங்க ப்ரோ. முக்கால்வாசி சுவிட்சோட செப்புக் கால் மடங்கியிருக்கும். சுவிட்ச் கழட்டுற புல்லரால கழட்டித் தலைகீழாப் பிடிங்க. ரெண்டு காலும் நேரா நிக்கணும். ஒண்ணு வயித்தோட ஒட்டிப் படுத்திருந்தா ட்வீசரால மெதுவா நிமிர்த்துங்க. ரெண்டு மூணு தடவை மடக்கி நிமிர்த்தினா ஒடிஞ்சிடும், கவனம்.

கால் நல்லா இருந்தா அடுத்த சோதனை. சுவிட்ச் இல்லாமலே, அது சொருகுற சாக்கெட்டோட ரெண்டு ஓட்டையையும் ட்வீசர் நுனியால ஒரு சேரத் தொடுங்க. திரையில டி விழுந்தா போர்டு மேல தப்பில்ல, சுவிட்ச்தான் கெட்டது. விழலைன்னா சாக்கெட் பின்னாடி சால்டர் விட்டிருக்கலாம். திரும்பச் சொருகுறப்போ போர்டுக்கு அடியில விரலை முட்டுக் கொடுங்க. ஒரேயடியா அமுக்கித்தான் பல பேர் சாக்கெட்டைப் பேத்துடறாங்க.

ஏழு_மணி_பஸ்:
நானும் சில்வர்தான். ரெண்டு வாரம் பொறுங்க, கை தானாப் பழகிடும்.

ராத்திரி_ஆட்டம்:
மூணாவது வாரம் ஓடிட்டு இருக்கு அண்ணே 😐

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்த 1.2-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாரு. செர்ரி கம்பெனி ரெட் 2 மி.மீ.ல பதியும், உன்னது 1.2-ல. வித்தியாசம் 0.8. விரல் விநாடிக்கு 20 செ.மீ. வேகத்துல இறங்குதுன்னு வெச்சுக்கோ, மிச்சம் ஆகறது 4 மில்லிவிநாடி. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிவிநாடி.

யாரும் பேசாத பக்கம் ஒண்ணு இருக்கு. வேலரண்ட்ல நின்னு சுடுறவனுக்குத்தான் குண்டு நேராப் போகும். அப்போ நடக்க அமுக்கின கீ எவ்வளவு சீக்கிரம் விடுபடுதுங்கறதும் முக்கியம். ரெட் மொத்தம் 4 மி.மீ. இறங்கும். அடிவரைக்கும் அமுக்கின கீ 2 மி.மீ. மேல வந்தா விடுபடும். சில்வர் 3.4 இறங்கும், 1.2-க்குத் திரும்பணும்னா 2.2 மி.மீ. ஏறணும். அடிக்கறதுல லாபம், விடறதுல நஷ்டம்! டப்பா மேல முதல் பாதியை மட்டும்தான் போடுவாங்க.

என் ஓட்டு கேட்டரான் கம்பெனி யெல்லோவுக்கு. ரெட்டை அமுக்க 45 கிராம் பலம் போதும், இதுக்கு 50 வாக்குல. விரலைச் சும்மா வெச்சா தாங்கும், ஸ்பிரிங்கும் கொஞ்சம் தெம்பா மேல தள்ளும்.

லோயர்_ஹையர்:
டைப்ரைட்டிங்ல லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ண கை எனக்கு. ரெட்ல உட்கார்ந்தா எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா விழும். 60 கிராம் பிளாக்தான் சரிப்பட்டுச்சு. ஆனா ராத்திரி மூணு மணி நேரம் ஷிஃப்டை அமுக்கியே நடக்குற ஆட்டத்துக்கு வேண்டாம், சுண்டுவிரல் கழண்டுடும்.

ராத்திரி_ஆட்டம்:
டி விஷயம் முடிஞ்சுது! ஒரு கால் ப மாதிரி மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திச் சொருகினேன், இப்போ ஒவ்வொரு அடியும் பதியுது.

கணக்குப்பிள்ளை அண்ணே, விடறதுதான் முக்கியம்னா இப்போ வர்ற காந்த சுவிட்சை வாங்கி இதுலயே போட்டுடலாமா?

கணக்குப்பிள்ளை:
போட முடியாது. அதுல செப்புத் தகடு தொடறதே கிடையாது. உள்ள இருக்கிற காந்தம் இறங்கறதை போர்டுல இருக்கிற ஹால் சென்சார் அளக்கும், அதனால போர்டே வேற. அதுல ரேபிட் ட்ரிகர்ங்கற செட்டிங்கைப் போட்டா, கீ கொஞ்சம் மேல கிளம்பினதுமே விட்டதா எடுத்துக்கும். வூட்டிங் கம்பெனி போர்டுகளால பிரபலமான சங்கதி இது. நிஜமாவே வித்தியாசம் தெரியும், ஆனா கீபோர்டையே மாத்தணும்.

இப்போதைக்கு மொத்த செட் வாங்காதே. யெல்லோ பத்தே பத்து வாங்கு. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், ஏ, எஸ், டி, எஃப், ஜி, சி. ஷிஃப்டுல சில்வரே இருக்கட்டும், சுண்டுவிரலுக்கு அதுதான் சுகம்.

சால்டர்_வாசனை:
வாங்கறதுக்கு முன்னாடி உங்க போர்டு மூணு கால் சுவிட்சுக்கு ஓட்டை போட்டதா, அஞ்சு கால் சுவிட்சுக்கான்னு பாருங்க. மூணு கால் போர்டுல அஞ்சு கால் சுவிட்சு உட்காராது, ஓரத்துல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் காலை நெகவெட்டியால வெட்டிட்டா உட்காரும். செப்புக் காலை வெட்டிடாதீங்க, ஒருத்தர் வெட்டிக்கிட்டு வந்து நின்னாரு.

ராத்திரி_ஆட்டம்:
பத்து யெல்லோவும் வந்து மாட்டியாச்சு. ஒவ்வொண்ணையும் காலைப் பார்த்துட்டுத்தான் சொருகினேன். நேத்து அஞ்சு மேட்ச், ஒரு டாஷ் கூட வீணாகல, துப்பாக்கியும் கையிலயே இருந்துச்சு. எஸ் மட்டும் இறங்கறப்போ லேசா உரசற சத்தம் கேட்குது, லூப், அதான் வழுவழுப்புக்குத் தடவுற கிரீஸ், போட்டா போயிடும்னு நினைக்கிறேன்.

அம்மா இப்போ கீபோர்டைச் சொல்றதில்ல. மைக்ல கத்தறதை நிறுத்தச் சொல்றாங்க. கழட்டின பத்து சில்வர் சும்மாக் கிடக்கு, கோயம்புத்தூர்ல யாருக்காவது வேணும்னா வந்து வாங்கிக்கலாம்.